வெள்ளத்தாயின் போஸ்டர்

சிவகாசியில் சினிமா போஸ்டருக்கு டிசைன் போடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இருந்தாலும் முகம் என்று வந்துவிட்டால் சென்னைக்காரர்கள் மஹ்ரீனைத்தான் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டிய நாயகனை முப்பதுக்குள் கொண்டுவந்து நிறுத்த அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். கண்ணுக்குக் கீழே தொங்குவதைத் தூக்குவாள், தாடையைச் செதுக்குவாள், கன்னத்துக் குழிகளை மூடுவாள், பின்னால் கொஞ்சம் புகையும் நெருப்பும் பறக்கவிடுவாள். படம் ஓடுகிறதோ இல்லையோ, சுவரில் அந்த முகம் மினுமினுவென்று நிற்கும். சீசன் வந்துவிட்டால் அதே கை பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடும். புஸ்வாணத்துக்குச் சிரிக்கிற குழந்தை, சங்குசக்கரத்துக்கு மயில், சரவெடிக்குப் புலி.

அவளுடைய அத்தா பீர் முகைதீனுக்கு விருதுநகரில் பேப்பர் வியாபாரம். மகளைச் சாபிருக்குக் கட்டிக்கொடுத்தபோது, அச்சு வேலை தெரிந்த பையன் என்று சிவகாசியில் ஒரு ஆப்செட் மிஷின் போட்டுக்கொடுத்தார். கீழே சாபிர் மிஷினோடு மல்லுக்கட்டுவான். மாடியில் மஹ்ரீன் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவாள்.

இத்தனை முகங்களை ஊர் ஊராக ஒட்டவைத்தவளின் முகம் இதுவரை எந்தத் தாளிலும் அச்சானது கிடையாது. கல்யாண பிளெக்ஸில்கூடச் சாபிர் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். மணமகள் இடத்தில் ஒரு ரோஜாப் பூ, கீழே அவள் பேர். அந்த பிளெக்ஸை டிசைன் செய்தவளும் அவள்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் முகம் எங்கே போகலாம் என்று நான்தானே சொல்ல வேண்டும் என்பாள்.

இந்த வருசம் பங்குனி வாக்கில் சென்னையிலிருந்து பிரீத்திகா என்ற பெண் போன் செய்தாள். பழைய படங்களின் நெகட்டிவைத் தேடிப்பிடித்து, பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்து, ப்ளூ-ரே டிஸ்க்காகப் போடுகிற லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இங்கே அவள்தான் ஆள். நாற்பது வருசத்துக்கு முந்திய ஒரு கருப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறது, பேர் 'சுண்ணாம்புக் காடு', டிஸ்க்குக்கு அட்டைப்படம் வேண்டும், சென்னையில் ஒருநாள் திரையிடப் போகிறோம், அதற்கு ஒரு பெரிய போஸ்டரும் வேண்டும் என்றாள். படம் வந்த காலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். டைரக்டர் அதோடு சினிமாவை விட்டுவிட்டு, பின்னால் இறந்தும் போனாராம். ஆனால் அதில் நாயகனாக அறிமுகமானவர் பின்னாளில் பெரிய ஆளாகிவிட்டார். அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால் போதும், டிஸ்க் தானாகப் போகும் என்பது கம்பெனியின் கணக்கு.

மஹ்ரீனுக்கு அது பழகின வேலை. ஹார்ட் டிஸ்க் கூரியரில் வந்ததும், நாயகன் முகம் தெளிவாக விழுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று படத்தை ஓடவிட்டாள். ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் எடுத்த படம் என்று பார்த்ததும் தெரிந்தது. கதை சுமார்தான். நாயகன் நன்றாகவே நடித்திருந்தான். ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் மவுஸுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. ஆழமான குழிக்குள்ளிருந்து பெண்கள் வரிசையாகக் கல் சுமந்து ஏறி வருகிறார்கள். தலை, புருவம், ரவிக்கை எல்லாம் சுண்ணாம்புத் தூசி. வரிசை போய்க்கொண்டே இருக்க, கேமரா ஒரு பெண்ணிடம் நின்றுவிடுகிறது. இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கூடையைக் கவிழ்க்கிறாள். இடுப்பில் கை வைத்து நிமிர்கிறாள். மூச்சு வாங்குகிறது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குக் கொஞ்சம் தள்ளி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். உடனே நாயகன் சைக்கிளில் வருகிறான். அவள் அதற்கப்புறம் படத்தில் எங்கேயும் இல்லை.

டீ ஆறிப்போனது மஹ்ரீனுக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் நிறுத்தினாள். வழக்கமான கைப்பழக்கத்தில் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். எந்த முகமும் பெரிதாக்கினால் குறை காட்டும். அவள் பிழைப்பே அந்தக் குறைகளில்தான் இருந்தது. இந்த முகத்திலும் உதட்டோரம் வெடிப்பு இருந்தது, நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. ஒவ்வொரு இமை முடியிலும் தூசி படிந்து, பனி கோத்த மாதிரி நின்றது. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் அந்த இரண்டு கண்ணும் அப்போதுதான் கழுவிவைத்த மாதிரி இருந்தன. தழும்பை அழிக்கிறதற்கு அம்புக்குறியைக் கொண்டுபோனவள் பாதியில் கையை எடுத்துவிட்டாள். தொழுதுகொண்டிருக்கிறவர்களுக்குக் குறுக்கே, போகக் கூடாத இடத்தில் போய்விட்ட மாதிரி மனசு கூசியது.

சாபிரை மேலே கூப்பிட்டாள். மை அப்பின கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். யார் இது என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். கீழே மிஷின்காரர் கூப்பிடுகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாயகனை வைத்து ஒரு அட்டைப்படமும், இந்தப் பெண்ணை வைத்து ஒன்றுமாக இரண்டை அனுப்பினாள் மஹ்ரீன். இரண்டாவதைத் திறந்த பிரீத்திகா முதலாவதை மறந்தே போய்விட்டாள். லண்டனிலும் அதே கதைதான். ஆனால் டைட்டிலில் இந்தப் பெண்ணின் பேரே இல்லையே, யாரென்று தெரியாமல் எப்படி என்று கேட்டார்கள். மஹ்ரீனுக்கும் அதுவே உறுத்திக்கொண்டிருந்தது. பேர் தெரியாத ஒருத்தியின் முகத்தை அவளைக் கேட்காமல் எங்கெங்கோ அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருந்தால் அறுபதை ஒட்டி வயதிருக்கும், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுச் சுருட்டிக்கொண்டு, சாபிரின் பைக்கில் ஆலங்குளம் பக்கம் போனாள். படத்தில் பார்த்த குழி இப்போது தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடந்தது. கரையில் ஆடு மேய்த்தவர் பக்கத்து ஊரைக் கைகாட்டினார். அங்கே டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அம்மாதான் நின்று, சினிமாக்காரர்கள் வந்தபோது ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் போனோம் என்று சொல்லி, வள்ளித்தாயைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்குத்தான் அந்தக் காலத்து ஆட்களையெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று வீட்டைக் காட்டிவிட்டாள்.

வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஒடிசலான உடம்பு. துவைத்த சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள், வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். விரித்தாள். பார்த்தாள். நின்ற இடத்திலேயே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க அக்கா" என்றாள்.

மஹ்ரீனும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். வள்ளித்தாய் தாளில் விரல் படாமல், அந்த நெற்றித் தழும்புக்கு மேலேயே கையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது என்றாள்.

அக்காவின் பேர் வெள்ளத்தாய். கல்குழியில் சுமந்துகொண்டிருந்தவள், கைப்பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பட்டாசு ஆபீஸுக்கு மாறினாள். மாறி ஒரு வருசம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் போனவள், மருந்து அறை வெடித்து, திரும்பி வரவில்லை. பார்க்கிறதற்கு முகம் இல்லாமல்தான் உடம்பைக் கொடுத்தார்கள். போட்டோ என்று ஒன்று எடுத்ததே கிடையாது. ஒரு ஆடிக்கு இருக்கன்குடி போயிருந்தபோது, கோயில் பக்கம் திரைச்சீலை கட்டி வைத்திருந்த ஸ்டுடியோவில் பிள்ளையோடு எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு வரிசையில் நின்றாளாம். வெயில் தாங்காமல் பிள்ளை வீறிட்டு அழ, சரி அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாளாம். அந்தப் பிள்ளையை வள்ளித்தாய்தான் வளர்த்தாள். பேர் வேலுச்சாமி. அதே தொழிலில்தான் இருக்கிறான், ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு மல்லாங்கிணறு போயிருக்கிறான்.

மஹ்ரீன் படத்தில் அந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, அவருக்காக இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வள்ளித்தாய் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சுருட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"படத்துல நடந்து வாரா, சிரிக்கிறாள்னு சொல்லுதீகளே. அவன் மொதமொத அதைப் பாக்கட்டும் தாயி. தாள்ல வேண்டாம். நாங் கூட்டிட்டு வாரேன்."

சொன்ன மாதிரியே அடுத்த வாரம் காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் விசயத்தைச் சொன்னாளாம். வேலுச்சாமிக்கு நாற்பது வயது, கட்டையான ஆள், முறுக்கின மீசை. வெளுத்த வேட்டி சட்டையில் வந்திருந்தான். எத்தனை தேய்த்தாலும் போகாத பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் நகக்கண்ணில் இருந்தது. மாடிப்படி ஏறி வந்ததும், கொஞ்சம் முகம் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டான். குழாயடியில் வெகுநேரம் கழுவினான். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

மஹ்ரீன் பட்டனைத் தட்டினாள்.

குழிக்குள்ளிருந்து வரிசை ஏறி வந்தது. வள்ளித்தாய் ஒவ்வொரு பொம்பளையாகப் பேர் சொல்ல ஆரம்பித்து, அக்கா வந்ததும் நிறுத்திவிட்டாள். வெள்ளத்தாய் கூடையைக் கவிழ்த்தாள். நிமிர்ந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாயகன் சைக்கிளில் வந்தான்.

வேலுச்சாமி அசையவில்லை. இன்னொரு தடவை என்று விரலால் மட்டும் காட்டினான். மஹ்ரீன் போட்டாள். மறுபடியும் காட்டினான். இந்த முறை சிரிப்பில் நிறுத்திவைத்தாள். சன்னல் வழியாக வந்த வெயில் திரையில் விழாமல் சாபிர் போய் மறைத்துக்கொண்டு நின்றான்.

"இம்புட்டுச் சின்னப் புள்ளையா இருக்காக" என்றான் வேலுச்சாமி.

சின்ன வயதிலிருந்து அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் எல்லோரும், உன்னை மாதிரித்தான் என்று சொல்லிவிடுவார்களாம். அவனும் கண்ணாடியில் தேடிப் பார்ப்பானாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மீசையை எடுத்துவிட்டுப் பார்த்தானாம், அப்படியாவது தெரிகிறதா என்று. மாப்பிள்ளை ஏன் மீசை இல்லாமல் இருக்கிறார் என்று பெண் வீட்டில் கேட்டபோது, வெயிலுக்கு எடுத்தேன் என்று சமாளித்தானாம். இதைச் சொல்லும்போது திரையிலிருந்து அவன் கண்ணை எடுக்கவே இல்லை. ஒருவேளை யாரிடம் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

வள்ளித்தாய் திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே கிடையாது. சிவகாசியில் ஓடியதா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த நாளை அவள் மறக்கவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது. சுமக்கிற வேலை தெரியாது என்று அவளைப் பிள்ளை பார்த்துக்கொள்ளக் கூட்டிப் போயிருந்தாள் அக்கா. கேமராவுக்குப் பக்கத்தில் பெரிய குடை விரித்திருந்தார்கள். அந்த நிழலில் நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

"ஏலே வேலு, யாரைப் பாத்துச் சிரிக்கிறாள்னு தெரியுதால?" என்றாள்.

அவன் திரும்பிச் சித்தியைப் பார்த்தான்.

"நாந்தேன் அங்கன நிக்கேன். ஆனா என்னையப் பாக்கல அவ. நீ என் இடுப்புல இருக்க. பாலுக்கு அழுதுக்கிட்டு இருந்தவன், அவ தலை குழிக்கு மேல தெரியவும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுத் தாவுன. ஒன்னையப் பாத்துத்தேன் சிரிக்கிறா."

கீழே மிஷின் ஓடுகிற அதிர்வு தரை வழியாக வந்துகொண்டிருந்தது. வேலுச்சாமி எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி, திரைக்கு நேராக இருந்ததைக் கொஞ்சம் வலப்பக்கமாகப் போட்டு, அவள் கண் போகிற திசையில் உட்கார்ந்துகொண்டான். பெரிய மீசைக்காரன் ஒருவன் அந்த வெள்ளை வெளிச்சத்தில் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பத்து வருசமாக மஹ்ரீன் முகங்களோடு புழங்குகிறாள். நாயகர்கள் ரசிகர்களைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ கண்மணிகளை இழுத்துத் திருப்பி வைத்திருக்கிறாள். ஒரு பார்வை, பார்க்கப்பட்டவனிடம் வந்து சேர நாற்பது வருசம் எடுத்துக்கொண்டு, நெகட்டிவ் டப்பாவிலும் குடோனிலும் லண்டனிலும் காத்துக்கிடந்து, கடைசியில் தன் மாடிக்கு வந்து இறங்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. யா அல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. வேலுச்சாமி தானாகவே, என்னைக் கூப்பிட்ட காரியம் என்ன தங்கச்சி என்று கேட்டான். மஹ்ரீன் அட்டைப்படத்தைத் திறந்து காட்டினாள். வெளிநாட்டிலெல்லாம் இந்த டிஸ்க்கை வாங்குவார்கள், அம்மா முகம்தான் முன்னால் இருக்கும், உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் மாற்றிவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். சம்மதிக்கிறதற்கு முன்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள் என்றும் சொன்னாள்.

அட்டையில் அந்த முகத்தின் குறுக்கே, கன்னத்திலிருந்து மோவாய் வரைக்கும், சிவப்பில் 'சுண்ணாம்புக் காடு' என்று தடித்த எழுத்து ஓடியது. மஹ்ரீன் அந்த எழுத்தை இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்திருந்தாள். அவளுக்குப் பிடித்துப்போன எழுத்து.

வேலுச்சாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "முகத்து மேல எழுத்து வேண்டாம்" என்றான்.

படத்துக்குப் பேர் இல்லாமல் எப்படி விற்பார்கள் என்று சாபிர் இடையில் சொன்னான். வேலுச்சாமி கோபப்படவில்லை. முகம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நாலு பேர் பார்க்கட்டும், எனக்குச் சந்தோசம்தான் என்றான்.

"இப்பத்தேன் முழுசாப் பாத்திருக்கேன். அதுல ஒரு எழுத்து மறைச்சாக்கூட எனக்குத் தாங்காது தங்கச்சி."

மஹ்ரீன் அவன் கண் முன்னாலேயே எழுத்தை எடுத்துவிட்டாள்.

லண்டன் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. பேர் இல்லாத அட்டையைக் கடைக்காரன் அலமாரியில் வைக்க மாட்டான், அப்படியென்றால் நாயகன் முகத்துக்கே போய்விடலாம் என்று பிரீத்திகா மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். பிரீத்திகாவுக்கு மஹ்ரீன் பக்கம்தான் மனசு. ஆனால் அவளும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தானே. மஹ்ரீன் கோபத்தில் ஒருநாள் பூராவும் ராக்கெட் லேபிள் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சாபிர் கீழேயிருந்து ஒரு பட்டாசு கிப்ட் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பெட்டியைச் சுற்றி, கம்பெனி பேர் அச்சிட்ட ஒரு தாள் பட்டை. உருவினால் தனியாகக் கழன்று வந்துவிடும். மஹ்ரீன் அதை உருவினாள், மாட்டினாள், மறுபடி உருவினாள். சாபிர் மாடிப்படி இறங்குவதற்குள் அவள் அளவெடுக்க ஆரம்பித்திருந்தாள்.

அன்றைக்கே மாதிரி ஒன்று செய்தாள். அட்டை முழுக்க வெள்ளத்தாயின் முகம், எழுத்தே இல்லாமல். அதன் அடிப்பாகத்தில், கழுத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி, ஒரு சிவப்புத் தாள் பட்டை. படத்தின் பேர், கம்பெனி பேர், நாயகன் பேர் எல்லாம் பட்டையில். நாயகன் முகம் அட்டையின் உட்பக்கத்தில். வேண்டுமென்கிறவர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தில் நடிகர்கள் பேருக்குக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: முகப்பில் இருப்பவர் வெள்ளத்தாய். சாபிர் அந்த மாதிரியைக் கையில் வைத்துப் பட்டையை உருவுவதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். பட்டை இறங்க இறங்கத் தோளும் அந்தச் சுண்ணாம்புத் தரையும் வெளிப்பட்டு வருவதை லண்டனில் எத்தனை பேர் பார்த்தார்களோ, சாயங்காலத்துக்குள் சரி என்று பதில் வந்துவிட்டது.

டிஸ்க் உறைகளை அவர்கள் ஊரிலேயே அச்சடித்துக்கொண்டார்கள். சென்னைத் திரையிடலுக்கான பெரிய போஸ்டர் மட்டும் சாபிரின் மிஷினில். அதற்கு எழுத்தெல்லாம் கீழே, சுண்ணாம்புத் தரையில். அச்சுக்குப் போகிற அன்று வேலுச்சாமி லீவு போட்டுவிட்டு வள்ளித்தாயோடு வந்துவிட்டான்.

கருப்பு மை ஒன்றை மட்டும் வைத்து அந்த வெள்ளையைக் கொண்டுவர முடியாது. சாபிர் கருப்போடு ஒரு சாம்பல் மையும் சேர்த்தான். தாள் வீணாகிக்கொண்டே போனது. ஒன்றில் தூசி தூசியாகத் தெரியாமல் பவுடர் மாதிரி இருந்தது, ஒன்றில் கண் செத்துப்போனது. பட்டாசு லேபிளுக்கு இத்தனை பாடுபட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மிஷின்காரர் பொறுமையிழந்தாலும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் நின்று மைத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒரு தாள் வந்து விழுந்தது. சாபிர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு மஹ்ரீனைத் தேடினான். இமை முடியில் தூசி நின்றது.

நாலு தாள் சேர்ந்தால் ஒரு போஸ்டர். நாலையும் மிஷின் பக்கத்துத் தரையைப் பெருக்கிவிட்டு ஒன்றோடொன்று சேர்த்து விரித்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முகம். வேலையாட்கள் வெட்டுகிற மிஷினையும் மடிக்கிற மேஜையையும் விட்டுவிட்டு வந்து சுற்றிலும் நின்றார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டார். யாரும் சொல்லவில்லை, ஒவ்வொருத்தராக எல்லோரும் கழற்றிவிட்டார்கள். தினமும் ஆயிரக்கணக்கில் முகங்களை அச்சடித்துக் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போடுகிற இடம் அது. அன்றைக்கு அந்தத் தாளின் ஓரத்தை மிதித்துவிடக் கூடாதென்று எல்லோரும் கால்விரலை மடக்கிக்கொண்டு நின்றார்கள்.

வள்ளித்தாய் மோவாய் பக்கமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். ஈரமாக இருக்கிறது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று மிஷின்காரர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் தொட்டாள். ஆள்காட்டி விரலில் சாம்பல் மை ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு, அக்கா நல்ல கருப்பு, சுண்ணாம்பு அப்பினதால்தான் இப்படித் தெரிகிறாள் என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது தரையில் கிடந்த முகத்தின் அதே சிரிப்பு அவள் முகத்திலும் வந்து போனதை மஹ்ரீன் பார்த்தாள். வேலுச்சாமி சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகிறானா என்று பார்க்க யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அவனுக்கென்று ஒரு செட் சுருட்டிக் கொடுத்தார்கள். ஊரில் ரோட்டைப் பார்த்த தன் வீட்டுச் சுவரில் அதை அவனே ஒட்டினான். மைதா மாவு காய்ச்சினது, வாளி பிடித்தது, ஏணி வைத்தது எல்லாம் அவன்தான். செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிற வழக்கம் அந்த ஊரிலும் உண்டு. பிறப்பு இறப்புத் தேதி, மாலை, விளக்கு என்று எல்லாம் இருக்கும். இதில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் புதுப் படம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். ஊரில் வயதான பொம்பளைகள் சாயங்காலத்தில் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து, அவளோடு குழிக்குப் போன நாட்களைப் பேசினார்களாம். இதையெல்லாம் வள்ளித்தாய்தான் போனில் மஹ்ரீனுக்குச் சொன்னாள். சென்னைத் திரையிடலுக்கும் இரண்டு பேரும் போய்வந்தார்கள். திரையில் அந்த முகம் வந்தபோது கூட்டம் தானாகக் கை தட்டியது, இவர்கள்தான் அவருடைய குடும்பம் என்று யாரும் சொல்லாமலே தட்டினார்கள் என்று பிரீத்திகா செய்தி அனுப்பினாள்.

மஹ்ரீன் திரும்பவும் நாயகர்களுக்குக் கன்னம் வழித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில் வேலுச்சாமி போன் செய்தான். தீபாவளி நல்லபடியாகப் போனதா, சாபிர் தம்பி சுகமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மழையில் போஸ்டர் ஊறிக் கிழிந்து போய்விட்டது என்றான். குரலில் வருத்தம் இல்லை. மஹ்ரீன் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். போஸ்டரை அச்சடித்த அலுமினியப் பிளேட்டுகளைச் சாபிர் உருக்கப் போடாமல் தாளில் சுற்றித் தனியாக வைத்திருந்தான்.

"பிளேட்டு அப்படியே இருக்குண்ணே. எம்புட்டு வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்றாள்.

"எம்புட்டு வேணும்னாலுமா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான் வேலுச்சாமி. பிறகு, "இப்போதைக்கு ஒண்ணு போதும் தங்கச்சி. கிழிஞ்சா வாரேன்" என்றான்.